நார்ச்சத்து பார், நார்ச்சத்து பிஸ்கட்: சாப்பிட்டவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்

2024 ஜூன் 3, மாலை 6.15 (பெரம்பூர் வாசகர் கேட்டது)

அம்மாவுக்கு வயது 66. ஒரு மாதமாகச் சரியாக மோஷன் போகவில்லை. மூன்று நாளைக்கு ஒரு முறை, அதுவும் முக்கி முக்கித்தான். ஆன்லைனில் நார்ச்சத்து பார் 12 கொண்ட பெட்டி தள்ளுபடியில் கிடைக்கிறது. ஒரு பாரில் 10 கிராம் நார்ச்சத்து என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா?

ஜூன் 3, இரவு 10.50

நான் சாப்பிடுகிறேன். இன்றோடு 9 நாள். நன்றாக வேலை செய்கிறது, வாங்கிக் கொடுங்கள் தம்பி.

எனக்கு 43 வயது. வடசென்னை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். வீடு கொருக்குப்பேட்டை. இந்த வயிற்றுக் கட்டு எனக்கு ஐந்தாறு வருடமாகவே உண்டு. இரண்டு நாள், மூன்று நாள் போகாது. போனாலும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. ஒரு முறை ரத்தம் பட்டு, பயந்துபோய் டாக்டரிடம் காட்டினேன். மூலத்தின் ஆரம்பம், நார்ச்சத்து நிறையச் சாப்பிடு என்றார். எதைச் சாப்பிடுவது என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கல்லூரியில் படிக்கும் என் பெண்தான் இந்த பார் பெட்டியை ஆர்டர் போட்டுக் கொடுத்தாள். பேரீச்சம்பழமும் ஓட்ஸும் சேர்ந்த மிட்டாய் மாதிரி இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து தினமும் போகிறது, இளக்கமாகவே போகிறது.

ஜூன் 5

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தம்பி கேட்டிருந்தார். எழுத்து எறும்பு சைஸில் இருந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். எடை 40 கிராம். முதலில் சிக்கரி வேர் நார் (இனுலின்), அடுத்து மால்டிட்டால், அப்புறம் ஓட்ஸ், பேரீச்சை, சோயா, எண்ணெய், 412 என்ற எண். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது மட்டும் பெரிய எழுத்தில். விலை ஒன்றுக்கு 55 ரூபாய் வருகிறது.

412 என்பது குவார் கம் என்று பெண் தேடிச் சொன்னாள். அது கொத்தவரை விதையிலிருந்து எடுப்பதாம். நம் வீட்டில் வத்தல் போடுகிற அதே கொத்தவரைதான்.

ஜூன் 8, இரவு

மூன்றாம் தேதி எழுதியதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அவசரப்பட்டுவிட்டேன்.

இன்றைக்குக் கல்யாண ஜவுளிக்கு ஒரு பெரிய குடும்பம் வந்திருந்தது. பதினொரு மணிக்கு பார் சாப்பிட்டிருந்தேன். ஒரு மணிக்கு வயிறு உப்ப ஆரம்பித்துவிட்டது. உள்ளே தண்ணீர் உருள்வது மாதிரி சத்தம். பட்டுச் சேலையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டே நிற்கிறேன், இடுப்பில் பாவாடை நாடா அறுக்கிறது. காற்றை அடக்கி அடக்கி மூன்று மணி நேரம் நின்றதில் சாயங்காலம் நெஞ்சு வரைக்கும் வலி. யோசித்துப் பார்த்தால் ஒரு வாரமாகவே சாயங்காலம் இப்படித்தான் இருந்திருக்கிறது. மோஷன் போகிற சந்தோஷத்தில் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஜூன் 9

இன்று காலையில் எங்கள் தெரு மெடிக்கல்காரரிடம் அட்டைப் படத்தைக் காட்டினேன். படித்தவர், பொறுமையாகச் சொல்லுவார். அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன்.

இனுலின் நம் சிறுகுடலில் செரிக்காது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அது நல்ல தீனி, குடலுக்கும் நல்லதுதான். ஆனால் அவை வேகமாகத் தின்று புளிக்கவைக்கும்போது காற்று உண்டாகும். பழக்கமில்லாத வயிற்றில் எடுத்த எடுப்பில் முழு பாரைத் தள்ளினால் உப்பத்தான் செய்யும். கால் துண்டில் ஆரம்பித்து, சில வாரங்களில் மெல்லக் கூட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது மால்டிட்டால். இது சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் ஒரு இனிப்பு. முழுதாக உடம்பில் சேராமல் பெருங்குடலில் தண்ணீரை இழுத்துக்கொண்டு நிற்கும். அதிகமானால் பேதி மாதிரி இளகும். இந்த வகை இனிப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், மலம் இளகலாம் என்ற எச்சரிக்கையை அட்டையில் போட வேண்டும் என்று நம் நாட்டு விதியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து தேடினேன். மடித்து ஒட்டிய ஓரத்தில் இருந்தது.

ஆகவே தம்பி, மூன்றாம் நாளிலிருந்து எனக்கு இளக்கமாகப் போனது நார்ச்சத்தால்தான் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இனிப்புக்கும் அதில் பங்கு உண்டு. அம்மாவுக்கு இன்னும் வாங்கவில்லை என்றால் பொறுங்கள்.

ஜூன் 15

பாருக்குப் பதில் நார்ச்சத்து பிஸ்கட் சாப்பிடலாமா என்று கேட்ட தண்டையார்பேட்டை அக்காவுக்கு.

'அதிக நார்ச்சத்து' என்று அட்டையில் போட வேண்டுமானால் 100 கிராமில் 6 கிராம் நார் இருந்தால் போதும். அதுதான் இங்கே விதி. ஒரு பிஸ்கட் பத்துப் பன்னிரண்டு கிராம் எடை. அதில் முக்கால் கிராம் நார் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட்டிலேயே அதை எட்ட வேண்டுமானால் முப்பதுக்கு மேல் சாப்பிட வேண்டும். என்னிடம் இருந்த பாக்கெட்டில் முதல் பொருளே மைதா, இரண்டாவது பாமாயில். டீக்கு ருசியாக இருக்கும் என்றால் சாப்பிடுங்கள் அக்கா, வயிற்றுக்காக வாங்க வேண்டாம்.

ஜூன் 16

சிக்கரிதான் நார் என்றால் நாம் தினமும் காபியிலேயே குடிக்கிறோமே என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. எனக்கும் தோன்றியது.

வேர் ஒன்றுதான். ஆனால் காபிக்குப் போடும் சிக்கரியைக் கருக வறுக்கிறார்கள். அந்தச் சூட்டில் இனுலினில் ஒரு பகுதி உடைந்து இனிப்பாகவும் கருகலாகவும் மாறிவிடும். காபிக்கு அந்த நிறமும் கசப்பும் அதிலிருந்துதான் வருகிறது. மிச்சம் இருப்பதும் டிகாக்‌ஷனில் இறங்கும் கொஞ்சம்தான். காபி குடித்ததும் வயிறு அசைவது வேறு காரணத்தால். வயிற்றுக்குள் ஏதாவது போனதும் பெருங்குடல் தானாக இயங்கும், காபி அதை இன்னும் தூண்டிவிடும். எனக்கும் காலை காபி குடித்துப் பத்து நிமிடத்தில் வரும். வரும்போது போக முடிகிறதா என்பது வேறு கதை. எங்கள் லைன் வீட்டில் நான்கு குடித்தனத்துக்கு ஒரு கழிவறை.

ஜூன் 23, இரவு

இன்றைக்கு ஒரு பெரிய பயம். அதனால் உடனே எழுதுகிறேன்.

பாரை நிறுத்திவிட்டு ஒரு வாரமாக இசப்கோல் சாப்பிடுகிறேன். என்னோடு வேலை செய்யும் சவுகார்பேட்டைப் பெண் சொன்னது. அவர்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறதாம். குஜராத்தில் அதிகமாக விளையும் ஒரு செடியின் விதை மேல்தோல் அது, உமி மாதிரி லேசாக இருக்கும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டால் முதலில் மேலே மிதக்கிறது. கலக்கினால் நுங்குத் தண்ணீர் மாதிரி மங்குகிறது. ஐந்து நிமிடம் விட்டால் தம்ளரைச் சாய்த்தாலும் கொட்டாமல் கொழகொழவென்று கட்டிக்கொள்கிறது. ருசி ஒன்றும் கிடையாது. இது இனுலின் மாதிரி வேகமாகப் புளிக்காது, அதனால் காற்றுத் தொல்லையும் எனக்குக் குறைவு.

இன்று சாயங்காலம் நான் இல்லாத நேரத்தில் என் மாமியார், வயது 72, நான் சாப்பிடுவதைப் பார்த்து அவரும் ஒரு ஸ்பூன் எடுத்திருக்கிறார். தண்ணீரில் கலக்காமல், பொடியை அப்படியே வாயில் போட்டு இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்திருக்கிறார். அது தொண்டையிலேயே ஊதிவிட்டது. மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்துக் குடித்தனத்து அக்கா ஓடி வந்து குனியவைத்து முதுகில் தட்டியதில்தான் வெளியே வந்தது. நான் வரும்போது திண்ணையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த டப்பாவைக் கண்ட இடத்தில் வைத்தது நான்தான். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். இசப்கோலை உலர்வாக வாயில் போடவே கூடாது. ஒரு பெரிய தம்ளர், கால் லிட்டர் தண்ணீரில் கலக்கி, கட்டுவதற்கு முன்பே குடித்துவிட வேண்டும். குடித்ததும் படுக்கக் கூடாது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஜூன் 24

திருவொற்றியூர் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் திக்கென்றது. காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரையும் இசப்கோலும் ஒரே தண்ணீரில் சாப்பிடுகிறேன் என்கிறீர்கள். வேண்டாம் அக்கா. அந்தக் கொழகொழப்பில் மாத்திரை மாட்டிக்கொண்டு உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இரண்டு மணி நேரம் முன்பின் இருக்கட்டும் என்று மெடிக்கல்காரர் சொல்கிறார். இன்னொன்று, தைராய்டு குறைந்தாலே மலச்சிக்கல் வரும். மாத்திரை சரியாகச் சேராமல், அதனால் வயிறு கட்டி, அதற்கு இன்னும் அதிகமாக இசப்கோல் சாப்பிட்டு, இப்படியே சுற்றிச் சுற்றி வந்துவிடும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஜூலை 2

இன்று எனக்கு வார விடுமுறை. உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜூன் தொடக்கத்திலேயே பெண் ஒரு படம் காட்டியிருந்தாள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து 1997இல் வெளியிட்ட அட்டவணை. 1 என்றால் புழுக்கை மாதிரி தனித்தனியாக. 2 என்றால் கட்டி கட்டியாகச் சேர்ந்தது. 3, 4 என்றால் வாழைப்பழம் மாதிரி, நல்ல நிலை. 5, 6 இளக்கம். 7 தண்ணீர். சொல்லக் கூச்சமாக இருந்தாலும், டாக்டரிடம் பேச இது எவ்வளவு உதவியாக இருக்கும் என்று பாருங்கள். 'சரியாகப் போகவில்லை டாக்டர்' என்று சொல்வதற்குப் பதிலாக '2' என்று சொல்லிவிடலாம்.

ஜூன் 4ஆம் தேதியிலிருந்து தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் எண்ணைக் குறித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். என்ன சாப்பிட்டேன் என்பதையும் இரண்டு வார்த்தையில் எழுதியிருந்தேன். இன்று எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். பார் சாப்பிட்ட நாட்களில் பெரும்பாலும் 5, 6, ஒரு நாள் 2. இசப்கோல் நாட்களில் பெரும்பாலும் 2, 3. எதிலும் ஒரு ஒழுங்கே தெரியவில்லை. அப்புறம் பெண்தான், 'அம்மா, கிழமையைப் பார்' என்றாள்.

நான்கு புதன்கிழமைகளிலும் 4.

எனக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. அதற்கு மறுநாள் காலை ஒவ்வொரு முறையும் நன்றாகப் போயிருக்கிறது. பார் சாப்பிட்ட வாரத்திலும் சரி, இசப்கோல் வாரத்திலும் சரி, இரண்டும் இல்லாத வாரத்திலும் சரி. செவ்வாய்க்கிழமை சாப்பாடும் மற்ற நாள் மாதிரியேதான், அதே சோறு, அதே குழம்பு. வித்தியாசம் என்னவென்று நாங்கள் இரண்டு பேரும் யோசித்தோம்.

செவ்வாய்க்கிழமை நான் தண்ணீர் குடிக்கிறேன்.

வேலை நாளில் காலை ஒன்பதரைக்கு ஒரு டீ, மத்தியானம் சாப்பாட்டோடு அரை தம்ளர் தண்ணீர், சாயங்காலம் ஒரு டீ. இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வரும் வரை அவ்வளவுதான். குடிக்கவே பிடிக்காது என்பதால் இல்லை. குடித்தால் போக வேண்டும். எங்கள் தளத்தில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. மேலே நான்காவது மாடிக்கு ஏற வேண்டும். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கூட்டம் இருந்தால் அப்புறம் போ என்பார்கள். 11 வருடத்தில் என் உடம்பு தாகம் எடுப்பதையே மறந்துவிட்டது.

ஜூலை 3

நேற்றைய குறிப்பில் ஒன்று விட்டுப்போனது.

பெருங்குடலின் வேலையே உள்ளே வரும் கழிவிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதுதான். வரும்போது போகாமல் அடக்கினால் உள்ளேயே தங்கி, தங்கத் தங்கக் காய்ந்து புழுக்கையாகும். நார் என்ன செய்கிறது? தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தைப் பெரிதாகவும் மெத்தென்றும் ஆக்குகிறது. பிடித்து வைக்கத் தண்ணீர் வேண்டாமா? தம்ளரில் கொழகொழவென்று இருந்த இசப்கோல், மறுநாள் தம்ளர் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்து உரித்தெடுக்க முடியாத தகடாக இருந்தது. அதைச் சுரண்டும்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. 60 நாளாக நான் காசு கொடுத்து நாரை வாங்கித் தின்றுவிட்டு, தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஜூலை 4

60 நாள் என்று தவறாக எழுதிவிட்டேன். மே 26இல் ஆரம்பித்தேன், 39 நாள்தான்.

ஜூலை 7

தண்ணீருக்கும் கழிவறைக்கும் கடையில் கேட்டுப் பாருங்கள் என்று நிறையப் பேர் எழுதினீர்கள். கேட்டோம். தனியாக இல்லை, எங்கள் தளத்துப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து. எல்லோருக்கும் இதே கதைதான் என்பது பேசியபோதுதான் தெரிந்தது. ஒரு பெண்ணுக்கு வருடத்துக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு. இன்னொரு அக்காவுக்கு மூலம் ஆபரேஷனே ஆகியிருக்கிறது. பக்கத்தில் நின்று பத்து வருடம் சேலை மடித்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் சொன்னதில்லை.

2021இல் கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். அதற்கு அப்புறம் எங்களுக்கு ஸ்டூல் வந்தது. சட்டம் வந்த பிறகு முதல் முறை ஒரு கஸ்டமர் போனதும் உட்கார்ந்தபோது கால் நரம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது. அதைச் சொல்லித்தான் பேச ஆரம்பித்தோம். இப்போதைக்குக் கிடைத்தது: எங்கள் தளத்தில் ஒரு தண்ணீர் கேன், காலை ஒரு முறை சாயங்காலம் ஒரு முறை பத்து நிமிடம் மாற்றி மாற்றிப் போய்வர அனுமதி. கழிவறை கட்டுவது பற்றிப் பதில் இல்லை.

ஜூலை 14

காலண்டர் தாள் எண்கள்: 3, 4, 3, 4, 4, 3, 4. இசப்கோல் ஒரு ஸ்பூன், ஒன்றரை லிட்டர் தண்ணீர். பார் இல்லை.

ஜூலை 21, ஆடி முதல் ஞாயிறு

எங்கள் தெரு அம்மன் கோயிலில் இன்று கூழ் ஊற்றினார்கள். வேலைக்குப் போகும் முன் சொம்பு நிறைய வாங்கிக் குடித்தேன். கேழ்வரகுக் கூழ், பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பக்கத்தில் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். ஒன்று சொல்லட்டுமா? 55 ரூபாய் பாரில் இருந்த அதே இனுலின் வகை நார் இந்த வெங்காயத்திலும் இருக்கிறது. அளவு குறைவு, அதனால்தான் வயிறும் ஊதுவதில்லை. கேழ்வரகு வேறு. நமக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு சொம்பு கூழ் ஒரு நாளைக்குத் தேவையான நார் மொத்தத்தையும் கொடுத்துவிடும்.

ஜூலை 22

நேற்றைய கடைசி வரி தவறு. ராயபுரத்திலிருந்து எழுதிய ஆசிரியை சரியாகப் பிடித்துவிட்டார், அவருக்கு நன்றி.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பட்டியலிலிருந்து அவர் எண்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார். 100 கிராம் கேழ்வரகில் நார் 11 கிராம். வெள்ளை அரிசியில் 3 கிராமுக்கும் கீழே. ஆனால் ஒரு சொம்பு கூழில் பெரும்பகுதி தண்ணீர், மாவு 50 கிராம்கூட வராது. ஆக ஐந்து கிராம் நார்தான், மாவை நைசாகச் சலித்திருந்தால் இன்னும் குறைவு. ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. குறைத்துச் சொல்லவில்லை, தண்ணீரோடு சேர்ந்தே உள்ளே போகிற நார் அது, எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஆனால் மொத்தத்தையும் கொடுத்துவிடும் என்று நான் எழுதியது பக்தியில் வந்த வார்த்தை.

அதே பட்டியலில் பச்சைப்பயறு 17 கிராம், கொண்டைக்கடலை 25 கிராம், கொய்யா 8 கிராமுக்கு மேல். பயறு, கடலை எல்லாம் வேகாத உலர்ந்த எடைக்கு. ஒரு கைப்பிடி பயறு ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஆறு கிராம் வந்துவிடும். இன்றிலிருந்து என் டிபன் டப்பாவில் பார் இருந்த இடத்தில் சுண்டல்.

ஜூலை 28

ஆடித் தள்ளுபடி கூட்டம். எம்.சி. ரோட்டில் நடக்க இடமில்லை. பத்து நிமிட இடைவேளை என்ற பேச்சே போய்விட்டது, தண்ணீர் கேன் மத்தியானமே காலி. நான்கு நாளாக எண்கள்: போகவில்லை, 1, போகவில்லை, 2. சுண்டலும் கொய்யாவும் தினமும் சாப்பிட்டேன், இசப்கோலும் குடித்தேன். தண்ணீர் இல்லாமல் அத்தனை நாரும் உள்ளே கட்டியாக நின்றது. இதை வேறு வார்த்தையில் எழுதத் தெரியவில்லை. நேற்று இரவு அழுதுவிட்டேன்.

நாளையிலிருந்து வீட்டிலிருந்தே இரண்டு பாட்டில் எடுத்துப் போகப் போகிறேன். அனுமதி கேட்கப் போவதில்லை, போய்வந்துவிட்டுச் சொல்லப் போகிறேன்.

ஜூலை 30

விடுமுறை. வியாசர்பாடித் தம்பி ஒருவர், அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் தரும் வாழைத்தண்டு சூப்பே போதும் என்று எழுதியிருந்தார். பர்மாவிலிருந்து நம் மக்கள் கொண்டுவந்த அந்த சூப் எனக்கும் உயிர். ஆனால் தம்பி, நார் இருப்பது தண்டில், சாற்றில் இல்லை. நிறையப் பேர் சாற்றைக் குடித்துவிட்டு வட்டுகளைக் கிண்ணத்தின் அடியில் விட்டுவிடுகிறார்கள். அதையும் மென்று சாப்பிடுங்கள்.

இன்று வாழைத்தண்டு பொரியல் செய்தேன். ஒவ்வொரு வட்டை அரிந்ததும் வெண்ணூல் மாதிரி நார் இழுத்துக்கொண்டு வரும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துப் போடுவேன், அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி. பெண் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 'நாருக்காகத்தானே சாப்பிடுகிறோம், அதை ஏன் எடுக்கிறாய்?' என்றாள். எடுக்காவிட்டால் தொண்டையில் சிக்கும், மென்றாலும் மசியாது. தண்டின் சதையிலேயே போதிய அளவு இருக்கிறது. அவளும் உட்கார்ந்து நான்கு வட்டுக்குச் சுற்றி எடுத்தாள்.

பழைய சோறு பற்றிக் கேட்டவருக்கு: சோறு ஆறிக் குளிரும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி, நார் மாதிரி பெருங்குடல் வரை போகும். நம் ஸ்டான்லி மருத்துவமனையிலேயே குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று ஆராய்ச்சி எடுத்துச் செய்தார்கள், பேப்பரில் வந்தது. நீராகாரத்தோடு குடிப்பதால் தண்ணீரும் சேர்ந்து போகிறது. என் காலை உணவு இப்போது அதுதான்.

ஆகஸ்ட் 6

பெரம்பூர் தம்பி, உங்கள் கேள்வியில் ஆரம்பித்து நான் என் கதையாகவே எழுதிக்கொண்டு போய்விட்டேன். இன்று முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். ஜூன் மாதம் ஒரு பதிலில், ரத்தம் குறைவு என்று அம்மாவுக்கு ஏப்ரல் கடைசியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை. 'ஒரு மாதமாக' என்று நீங்கள் கேட்டதும் அதே சமயம்தான். இரும்புச்சத்து மாத்திரை நிறையப் பேருக்கு வயிற்றைக் கட்டும், மலம் கறுப்பாகவும் போகும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் அளவையோ மாத்திரையையோ மாற்றுவார். 66 வயதில் ரத்தம் ஏன் குறைந்தது என்பதையும் கட்டாயம் கேளுங்கள், குடல் பக்கம் பார்க்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லோருக்கும் இதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வயிறு உப்பி வாந்தியோடு காற்றுகூடப் பிரியாமல் நிற்பது, இதில் எது இருந்தாலும் பாரும் வேண்டாம், இசப்கோலும் வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆகஸ்ட் 11

தம்பியின் பதிலைப் பார்த்தேன். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகிறது. ரொம்ப சந்தோஷம்.

கொய்யா விதை அம்மாவுக்குப் பல்லில் மாட்டுகிறது என்றீர்கள். நன்றாகக் கனிந்ததாக வாங்கி, நடுச் சதையை ஸ்பூனால் வழித்துவிட்டுத் தோலோடு மெல்லிசாக அரிந்து கொடுங்கள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வையுங்கள், அவர் குடித்து முடிக்கும் வரை கூடவே உட்காருங்கள். என் மாமியாருக்கு நான் அப்படித்தான் செய்கிறேன்.